இரண்டாவது நம்பர்

மச்சான்,

உன் போன் என் மேசைமேல் கிடக்கிறது. பொத்தான் வைத்த அந்தப் பழைய போன்தான். பின்மூடி நிற்காமல் நீ மாட்டிவைத்திருந்த ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. போன வாரம் கையில் வாங்கியதும் அறுந்து விழுந்துவிட்டது. வேறொன்று மாட்டியிருக்கிறேன். முதுகில் நீ ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரியில் '2' என்று எழுதியது மட்டும் அழியவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் கூடாரத் துணியின் வாசம் வருகிறது. மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் மடித்த துணி. உனக்கு அது வாசம், எனக்கு நாற்றம். இருபது வருடம் லாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கே எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்.

எதிரே இரவல் வாங்கிய கணினியில் நம் அகப்பக்கம் திறந்திருக்கிறது. ஊரார் பார்க்கிற முன்பக்கம்தான். உள்ளே போய் ஒரே ஒரு வார்த்தையை மாற்றவேண்டும் என்றாலும், 'உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள்' என்கிறது. என் கைப்பேசிக்கு இல்லையாம், உன் கைப்பேசிக்காம். இந்த ஆறு எண்ணுக்காக மூன்று வாரம் நாயாய் அலைந்திருக்கிறேன். போய்ச் சேர்ந்த பிறகும் என்னை வேலை வாங்குகிறாயே என்று உன்னைத் திட்டாத நாள் இல்லை. இப்போதும் திட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். பன்னிரண்டு மணிக்குள் உன் லைனுக்கு உயிர் வந்துவிடும் என்று போன் கம்பெனிக் கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது, அது உனக்குத் தெரியும்.

எங்கே ஆரம்பிப்பது? சித்தியவானில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் இரண்டு நம்பரும் அங்கேதான் பிறந்தன.

தொழில் தொடங்கிய முதல் வருடம். கூடாரம், நாற்காலி, மேசை, பெரிய பாத்திரம், எல்லாம் வாடகைக்கு. ஈப்போ புந்தோங்கில் நம் ஸ்டோரில் இருந்தது ஒரே சாமான்தான். சனிக்கிழமை கல்யாண வீட்டுக்குப் போவதும் அதுதான், திங்கட்கிழமை சாவு வீட்டுக்குப் போவதும் அதுதான். நாம் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் நம்மைக் கேட்டதுமில்லை. சித்தியவானில் ஒரு சாவு வீட்டில் கூடாரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி முடித்ததும், நான் வழக்கம்போல் வாசலில் நின்று, "நன்றிக்கா, வாரோம்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டு வாய் அப்படியே வந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. துக்க வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ளாமல் நடையைக் கட்டவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வாய்க்குத்தான் தெரியவில்லை.

நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து லாரியில் ஏற்றினாய். ஆயர் தாவார் ஊரைத் தாண்டினோம். அப்புறம் சொன்னாய்: "நீ சிரிச்சுப் பேசுற ஆளுலா மச்சான். கல்யாணக்காரங்கள நீ பாத்துக்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

மறுவாரம் இரண்டு போன் வாங்கினோம். என்னுடையது முதல் நம்பர். லாரி பக்கவாட்டில், காலண்டரில், கோயில் திருவிழாப் புத்தகத்தில் எல்லாம் பெரிதாகப் போட்டோம். உன்னுடையதை எங்கேயும் போடவில்லை. சின்ன வெள்ளை அட்டையில் அச்சடித்து, போகிற துக்க வீட்டில் யாராவது ஒரு பெரியவர் கையில் பேசாமல் கொடுத்துவிட்டு வருவாய். அந்த அட்டை எத்தனை வீட்டுச் சாமி மேடைக்குப் பின்னால் செருகியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

உன் போன் அடித்தால் நீ வணக்கம் சொல்லமாட்டாய். "சொல்லுங்க. நான் இருக்கேன்" என்பாய். அந்தப் பக்கம் அழுகையோ, பேச்சு வராத இழுப்போ, எதுவானாலும் காதில் வைத்துக்கொண்டிருப்பாய். பிறகு, "பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்பாய். நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு, "எத்தனை நாக்காலின்னு கேளுடா, லோடு ஏத்தணும்" என்று முணுமுணுப்பேன். நீ கையைக் காட்டி என்னை அடக்குவாய். பேசி முடித்தால் 'சரி, வைக்கிறேன்' என்றுகூடச் சொல்லாமல் போனை மெதுவாக மூடுவாய். திரும்பி வந்த துணியை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காயப்போடுவதும் உன் வேலை. அதன்பிறகுதான் நான் அதில் சிவப்பு ஜாலர் கட்டுவேன். உன் பக்கம் உனக்கு, என் பக்கம் எனக்கு என்று நன்றாகத்தான் ஓடியது.

அகப்பக்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். ஈப்போவில் நமக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவனெல்லாம் ஒன்று வைத்திருந்தான். பெர்ச்சாமில் வீட்டிலிருந்தே இந்த வேலை செய்கிற கோமதியை நீதான் கண்டுபிடித்துக் கூட்டிவந்தாய். ஸ்டோரில் கல்யாண மேசை ஒன்றைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் அவளுடைய மடிக்கணினியை வைத்து, மூன்று பேரும் வாடகை நாற்காலியில் உட்கார்ந்தோம். என்ன பக்கம் வேண்டும், என்ன படம் வேண்டும், யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்கக் கேட்க எனக்கு ஒரே குஷி. கல்யாணம், நிச்சயதார்த்தம், வளைகாப்பு, பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் கோமதி உன் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க?" என்றாள்.

"துக்க வீட்டுக்கு ஒரு பக்கம் வேணும்மா. என் நம்பரும் மேலயே இருக்கணும்."

நான் துள்ளிக் குதித்தேன். கல்யாணப் பத்திரிகையில் சாவு வீட்டு நம்பரைப் போடுவார்களா? பெண்ணுக்குக் கல்யாணம் பேசப் பக்கத்தைத் திறக்கிறவள் முதலில் பார்ப்பது இதையா? திறந்த கையோடு மூடிவிட்டு அடுத்தவனிடம் போகமாட்டாளா?

நீ கத்தவில்லை. "மச்சான், கல்யாணக்காரன் ஆறு மாசம் தேடுவான். நாலு எடத்துல வெல கேட்டு, நாலு பேருகிட்ட விசாரிச்சு வருவான். செத்த வீட்டுக்காரனுக்குத் தேட நேரம் ஏது? எஸ்டேட்டுத் தோட்டத்துல இருந்தப்ப தகவல் சொல்ல ஆள் ஓடும். இப்ப தாமான் குடியிருப்புல பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது. அவன் போன்லதான்லா தேடுவான்" என்றாய்.

நியாயம் உன் பக்கம் என்று அப்போதே தெரியும். ஆனாலும் விடவில்லை. அப்படிப் போட்டால் லாரியில் என் நம்பரை அழித்துவிடு, நான் தொழிலைவிட்டே போகிறேன் என்றுகூடச் சொன்னேன். நீ எழுந்து, நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்றாய். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் விவரம் எழுதுகிற படிவத்தை, அந்தப் பாரத்தை, நிரப்பி அனுப்புகிறவர்களுக்குத் தானாகவே ஒரு பதில் போகும் என்றும், அதில் என்ன எழுதலாம் என்றும் கோமதி கேட்டபோது, நானே உட்கார்ந்து எழுதினேன். 'உங்கள் இனிய விழாவுக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்! மூன்று நாளுக்குள் தொடர்பு கொள்வோம். மீண்டும் மீண்டும் உங்களுக்குச் சேவை செய்யக் காத்திருக்கிறோம்!' சுற்றிலும் ரோஜா இதழ் கொட்டுகிற மாதிரி செய்யச் சொன்னேன். செய்தாள். நீ அதைப் பார்த்துவிட்டு, "இத யாரு படிப்பாங்கன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டாய். பொறாமையில் கேட்கிறாய் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பதிவு செய்கிற வேலை, பாஸ்வேர்டு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டினேன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எந்த போன் நம்பரைக் கொடுக்கலாம் என்று கோமதி கேட்டதற்கு, இரண்டாவது நம்பரைக் கொடுத்தாய். "எப்பவும் எடுக்கிற போன் இதுதான்" என்றாய்.

எப்போதும் எடுத்தாய். ஒரே ஒரு தடவை எடுக்கவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து சொன்னபோது, நான் உன் வார்டுக்கு வெளியே நடையில் நின்றேன். தங்கச்சி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உன் பெண்டாட்டியை நான் என்றைக்கும் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன், அவளும் என்னை வாய் நிறைய அண்ணே என்பாள். அவளிடம் போய் நிற்கத் துணிவில்லை. ஏதாவது வேலை செய்யவேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குக் கூடாரம் போகவேண்டும், நாற்காலி போகவேண்டும். சாவு என்றால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று என் கைக்குத் தெரியும். இருபது வருடப் பழக்கம். போனை எடுத்து இரண்டாவது நம்பருக்கு அடித்தேன்.

உள்ளே மணி அடித்தது. தங்கச்சி மடியில் வைத்திருந்த பைக்குள் அடித்தது. அவள் அதை எடுத்துத் திரையைப் பார்த்தாள். என் பெயர். கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தாள். நான் காதில் போனை வைத்துக்கொண்டு, உன் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன், மடையன் மாதிரி.

அதன்பிறகு அந்தப் போனைப் பற்றி நான் கேட்கவே இல்லை. வெட்கம் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இனிமேல் துக்க வீடு நம் வேலையில்லை, கல்யாணம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டேன். தங்கச்சி அதை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். ரீலோடு காசு போடாமல் லைன் செத்தது. பாரம் வழியாக வருவதைப் பார்க்கிற மின்னஞ்சலும் உன்னோடு போய்விட்டது. கல்யாணக்காரர்கள் நேராக எனக்கே அடித்ததால், எதுவும் குறைந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் காலை நேரம், ஸ்டோர் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். மொட்டைத் தலையில் முடி முளைவிட்டிருந்தது. முருகனுக்குப் போட்ட மொட்டை என்று நினைத்து, என் வழக்கப்படி, "வாங்க வாங்க, என்ன விசேஷம்?" என்றேன்.

"விசேஷம் இல்லண்ணே. பீடோர்லருந்து வாரேன். எங்கம்மா தவறிட்டாங்க. பதினாறு முடிஞ்சிருச்சு."

நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. பையிலிருந்து வெள்ளை அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அவருடைய அப்பா இறந்தபோது நீ கொடுத்தது. அம்மா போன அன்று காலை முதலில் அந்த நம்பருக்குத்தான் அடித்திருக்கிறார். லைன் இல்லை. அட்டையில் இருந்த நம் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். நம் பக்கம் வந்திருக்கிறது. எந்த விழா என்று கேட்கிற இடத்தில் அவர் வீட்டுக்கு ஏற்றது எதுவும் இல்லாமல், 'மற்றவை' என்பதைத் தொட்டு, 'அம்மா தவறிட்டாங்க, இன்னிக்கே வேணும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

பதில் உடனே போயிருக்கிறது. ரோஜா இதழோடு.

தன் போனில் அதை எனக்குக் காட்டினார். நான் எழுதியதை நானே படித்தேன்.

"கெனோப்பி கூடாரம் வேற எடத்துல எடுத்துட்டோம்ண்ணே. சண்டை போட வரல. அப்பாவுக்கு வந்த அண்ணன் இருக்காரான்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். அவரு இருந்தா இப்படி நடக்காதுன்னு தெரியும்." போனைப் பையில் போட்டார். "எந்தங்கச்சி பாத்துட்டா. மீண்டும் மீண்டும்னு போட்டிருக்கே, இன்னும் யாரு போகணுமாம்னு கேட்டா."

நீ இல்லை என்பதை மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அவர் போனதும் கோமதியை ஸ்டோருக்கு வரவழைத்து, அந்தப் பதிலை இந்த நிமிஷமே எடு என்று கத்தினேன். அவள் பெருமூச்சு விட்டு, "எப்படிண்ணே எடுக்கறது? பாஸ்வேர்ட் அந்த அண்ணன்கிட்டத்தான் இருக்கு. வேல முடிஞ்சதும் நானேதான் மாத்தச் சொன்னேன். அப்படித்தான் செய்யணும்லா" என்றாள்.

உட்கார்ந்து ஊகித்துப் பார்த்தோம். தங்கச்சி பெயரைப் போட்டோம். லாரி நம்பரைப் போட்டோம். நாம் இரண்டு பேரும் பிறந்த சுங்காய்த் தோட்டத்தின் பெயரைப் போட்டோம். என் பெயரைக்கூடப் போட்டுப் பார்த்தேன், ஒரு நப்பாசைதான். இல்லை. ஐந்தாவது தடவை பூட்டிக்கொண்டது. உதவி கேட்கிற இடத்தில் எழுதினால் மனுஷன் பேசவில்லை, ஏதோ இயந்திரம் பேசியது. என் கூட்டாளி இறந்துவிட்டார் என்று எழுதினேன். 'மகிழ்ச்சி! உங்கள் நாள் இனிதாக அமையட்டும்' என்றது. கணினியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன், கோமதியுடையது என்பதால் பிழைத்தது. அப்புறம்தான் உறைத்தது, நான் பீடோருக்கு அனுப்பியதும் இதே லட்சணம்தான் என்று.

"வேற பேர்ல புதுசா ஒன்னு செய்" என்றேன்.

"செய்யலாம்ண்ணே. ஆனா பழசு அப்படியே இருக்குமே. யாராச்சும் தேடி அந்தப் பாரத்தப் போட்டா, அதே பதில்தான் போகும்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். உன் அட்டை எத்தனை வீட்டில் இருக்கிறது? சுங்காயில், தாப்பாவில், கம்பாரில், எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நம்பரை அடித்து, கிடைக்காமல், நம் பக்கத்தைத் திறந்தால் நான் அவருக்கு வாழ்த்துச் சொல்லுவேன். தினமும் காலையில் எழுந்ததும் அதுதான் நினைப்பு.

தங்கச்சியிடம் போய்த்தான் ஆகவேண்டும் என்றாயிற்று. போய் நின்றேன். காப்பி கொடுத்தாள். போனைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"அது எதுக்குண்ணே இப்ப? அது அடிச்சப்பல்லாம் சாப்பாட்டத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுப் போனாரு. தீபாவளின்னு பாத்தாரா, பொங்கல்னு பாத்தாரா? இப்பவாச்சும் அது சும்மா கிடக்கட்டும்."

பீடோர்க்காரர் வந்ததைச் சொன்னேன். நான் எழுதிய பதிலை, ஒரு வார்த்தை விடாமல், அவளிடம் சொன்னேன். மீண்டும் மீண்டும் என்பதையும் சொன்னேன். அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து உன் சட்டை ஒன்றில் சுற்றிவைத்திருந்த இந்தப் போனை எடுத்துவந்து கொடுத்தாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நீங்க அடிச்சப்ப நான் எடுத்திருக்கணும்ண்ணே. என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தேன். அவளும் என்னைப் போலவேதான் இருந்திருக்கிறாள்.

கவுண்டருக்கு அவளும் கூடவே வந்தாள். மூன்று தடவை போனோம். முதல் தடவை அங்கிருந்த பெண், "பெமிலிக் கெனா டாத்தாங் செண்டிரி, அங்கிள்" என்றாள். நம்பருக்கு உரியவர் நேரில்தான் வரவேண்டும் என்று மலாயில் சொல்கிறாள். இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் அவருடைய ஐசி அடையாள அட்டையைக் கொண்டுவந்து அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றாள். "நான் போயி கூட்டிட்டு வாரேன், நீ கவுண்டர அடைக்காம இரு!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். தங்கச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நீ இழுப்பது மாதிரியே இழுத்தாள். இரண்டாவது தடவை ஏதோ ஒரு பாரம் தீர்ந்துவிட்டது. மூன்றாவது தடவை, நேற்று, உள்ளிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். மரணச் சான்றிதழை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு தங்கச்சியிடம், அந்த நம்பர் அவ்வளவு முக்கியமா என்று மலாயில் கேட்டார். "பலபேரு வீட்டுல இருக்கு" என்று அவள் சொன்னாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நாளை மதியத்துக்குள் லைன் வந்துவிடும் என்றார்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போகவேண்டியதாயிற்று. இப்போது சாயங்காலம். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

பதினொன்றே முக்காலுக்கு உன் போன் மேசைமேல் துடித்தது. ஆறு எண். மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள் நேரம் முடிந்து, இன்னொரு எண் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. அதற்கும் உன்னைத்தான் திட்டினேன். இரண்டாவது எண் சரியாக விழுந்தது. உள்ளே போனதும் கோமதி வரும்வரைகூடக் காத்திராமல், முதல் வேலையாக அந்தப் பதிலைத் தேடிப்பிடித்து அழித்தேன். ரோஜா இதழையும் அழித்தேன். அதன்பிறகுதான் முதுகை நாற்காலியில் சாய்த்தேன்.

கோமதி வந்ததும் உன் பக்கத்தைச் செய்ய உட்கார்ந்தோம். அதுவும் சுலபமாக முடிந்ததா என்றால் இல்லை. அவள் வைத்திருக்கிற மாதிரிப் பக்கம் எல்லாமே சந்தோஷத்துக்கென்றே செய்தது. மேலே ஒரு படம் கேட்கிறது. பாரம் இல்லாமல் பக்கத்தை முடிக்கவிடமாட்டேன் என்கிறது. கீழே 'இப்போதே முன்பதிவு செய்யுங்கள்' என்ற பொத்தான், எடுத்தால் மறுபடி முளைக்கிறது. மெழுகுவத்திப் படம் போடலாமா, வெள்ளைப் பூ போடலாமா என்று அவள் கேட்டாள். எதற்கும் மனம் ஒப்பவில்லை. என்ன எழுதுவது என்று நான்கு தாள் கிழித்தேன். 'உங்கள் துயரில் பங்கு கொள்கிறோம்' என்று எழுதிப் பார்த்தால், வாடகைக்கு நாற்காலி விடுகிறவன் வேஷம் போடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் உன் நம்பரைப் பெரிய எழுத்தில் போட்டு, அதன்கீழே ஒரே வரி வைத்தோம்: 'துக்க வீட்டுக்கு. எந்த நேரமும் எடுப்போம்.'

"பக்கம் காலியா இருக்கேண்ணே" என்றாள்.

"காலியாவே இருக்கட்டும்லா."

"நன்றின்னு ஒரு வரி கீழ?"

"அதுவும் வேணாம்."

முன்பக்கத்தில், மணப்பெண் படத்துக்கும் மேலே, அந்த வரியை வைக்கச் சொன்னேன். கோமதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்றாள். சுளிக்கட்டும், பிடிக்காதவர்கள் போகட்டும் என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் நாற்காலியை மடிக்காமல் உட்கார்ந்திருப்பாய். இதைச் சொல்ல எனக்கு நீ செத்துப்போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

கோமதி போய்க் கால்மணி நேரம் ஆகியிருக்கும். நான் தனியாக நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேசைமேல் உன் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்துத் திரையைப் பார்த்தேன். 'வீடு' என்று இருந்தது.

உன் போனில் நீ பதித்துவைத்த பெயர். வாயில் வணக்கம் என்பதுதான் முதலில் வந்தது, மச்சான். பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

"சொல்லுங்க" என்றேன். "நான் இருக்கேன்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. காத்திருந்தேன். எத்தனை நாற்காலி என்று கேட்கத் தோன்றவில்லை, அந்த மட்டும் தேறிவிட்டேன். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தங்கச்சி குரல் வந்தது.

"சும்மா அடிச்சுப் பாத்தேன்ண்ணே. எடுக்குதான்னு."

"எடுக்கும்மா" என்றேன். "பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. டீ போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அழுதேன், அதில் சந்தேகமில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், நீ செய்வாயே, அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவளே சொல்லிக்கொள்ளாமல் வைத்துவிட்டாள். இருபது வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தேனே, அந்த நேரமெல்லாம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

இனிமேல் இந்தப் போன் என் சட்டைப்பையில் இருக்கும். முதல் நம்பர் வலப்பக்கம், உன்னுடையது இடப்பக்கம். இரண்டுக்கும் ஒரே வாய்தான், அதனால் இன்னும் எத்தனை இடத்தில் தவறுவேனோ தெரியவில்லை. நீ இழுப்பதற்கு இல்லை. தங்கச்சி இருக்கிறாள், இழுப்பாள். நாளைக் காலையில் பீடோருக்குப் போகிறேன், அந்த வீட்டு வாசலில் போய் நிற்க. என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை. அவர்கள் பேசட்டும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் தண்ணீர் எவ்வளவு கலக்கவேண்டும் என்று மட்டும் நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கடிதத்தை முடிக்கிற இடம் வந்ததும் கை தானாக 'வருகிறேன்' என்று எழுதப் போயிற்று. எழுதி, அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிகிறதே, அது அதுதான்.

போன் அடிக்கிறது, மச்சான். இடப்பக்கத்துப் போன். திரையில் பெயர் எதுவும் இல்லை, வெறும் நம்பர்.

சொல்லிக்கொள்ளாமல் எழுந்திருக்கிறேன்.